அட்வான்ஸ் கொடுக்கும் முன்: வாடகை ஒப்பந்தமும் சட்டமும்

சென்னையில் வீடு பார்க்கப் போகிறவர் புரோக்கரிடம் முதலில் கேட்பது வாடகை எவ்வளவு என்று. அடுத்தது அட்வான்ஸ் எவ்வளவு என்று. தண்ணீர் எப்படி, வண்டி நிறுத்த இடம் உண்டா, அசைவம் சமைக்கலாமா என்பதெல்லாம் அதற்குப் பிறகு. அக்ரிமென்ட்டில் என்ன எழுதப்போகிறீர்கள் என்று மட்டும் அநேகமாக யாரும் கேட்பதில்லை. டைப் அடிக்கும் கடையின் கணினியில் ஏற்கெனவே ஒரு படிவம் இருக்கும். பெயரையும் முகவரியையும் தொகையையும் மாற்றி, முத்திரைத்தாளில் அச்செடுத்து, சாவி வாங்கும் அவசரத்தில் இரு தரப்பும் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள்.

ஒரு காலத்தில் இந்த அலட்சியம் வாடகைதாரரைப் பெரிதாகப் பாதிக்கவில்லை. 1960ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் அவர் பக்கம் நன்றாகவே சாய்ந்திருந்தது. நியாய வாடகை இவ்வளவுதான் என்று நிர்ணயிக்கச் சொல்லி மனுப் போடலாம். சட்டம் பட்டியலிட்ட காரணங்களில் ஒன்றை நிரூபிக்காமல் அவரை வெளியேற்ற முடியாது. பாரிமுனைப் பக்கம் தலைமுறை மாறியும் அற்ப வாடகையிலேயே கடைகள் நீடித்தது அதனால்தான். குடி வைத்தால் திரும்பக் கிடைக்காது என்று பயந்து பல உரிமையாளர்கள் வீட்டைப் பூட்டியே போட்டு வைத்திருந்ததும் அதனால்தான்.

அந்தச் சட்டம் இப்போது இல்லை. வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் இருவரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் ஒழுங்குபடுத்தும் 2017ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 அன்று நடைமுறைக்கு வந்து, பழையதை நீக்கிவிட்டது. புதிய சட்டத்தில் நியாய வாடகை என்ற பேச்சே கிடையாது. இருவரும் எதற்கு ஒப்புக்கொண்டார்களோ அதுதான் வாடகை. எவ்வளவு காலத்துக்கு ஒப்புக்கொண்டார்களோ அதுதான் காலம். யார் எந்தப் பழுதைப் பார்ப்பது என்பதைக்கூட முதலில் ஒப்பந்தத்தில்தான் தேட வேண்டும். நீதிமன்றம் பிறகு பார்த்துக்கொள்ளும் என்று விட்டிருந்த பலவற்றை, இப்போது கையெழுத்துப் போடும் மேசையில் நீங்களே தீர்மானிக்கிறீர்கள். இந்த அத்தியாயத்தை அந்த மேசைக்குப் போகும் முன் படிப்பதே நல்லது.

ஒரு எல்லையையும் இங்கேயே சொல்லிவிடலாம். இந்தச் சட்டம் நகர்ப்பகுதிகளுக்கானது. அரசுக் கட்டடங்களுக்கும், கோயில் போன்ற சமய, அற நிறுவனங்களின் சொத்துகளுக்கும் இது பொருந்தாது. சட்டம் எட்டாத கிராமப்புற வீடுகளுக்கு 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம்தான் ஆதாரம். அதன்படி, வேறு ஒப்பந்தம் இல்லாத மாத வாடகையை முடித்துக்கொள்ள இரு தரப்புக்கும் 15 நாள் அறிவிப்பு போதும்.

பதினொரு மாதமும் இரண்டு பதிவுகளும்

ஏன் பதினொரு மாதம் என்று கேட்டால், 'எல்லாரும் அப்படித்தான் போடுவாங்க' என்பார் புரோக்கர். காரணம் 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டத்தில் இருக்கிறது. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும். அதற்கு முத்திரைத் தீர்வை, கட்டணம் எல்லாம் உண்டு. அதைத் தவிர்க்கத்தான் பன்னிரண்டைத் தொடாமல் பதினொன்றில் நிறுத்துகிறார்கள். இதில் சட்டவிரோதம் ஒன்றுமில்லை.

குழப்பம் இதற்கு அடுத்து வருகிறது. 2019க்குப் பிறகு இன்னொரு பதிவும் சேர்ந்துவிட்டது. வாடகை ஒப்பந்தம் எழுத்தில்தான் இருக்க வேண்டும்; அதை வாடகை அதிகாரியிடமும் பதிய வேண்டும். இவர் துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத அலுவலர். சார்பதிவாளருக்கும் இவருக்கும் சம்பந்தமில்லை. பதினொரு மாத ஒப்பந்தமானாலும் இந்தப் பதிவிலிருந்து விலக்குக் கிடையாது. இதற்கென அரசு ஓர் இணையதளம் வைத்திருக்கிறது. இருவரின் அடையாள ஆவணங்களையும் ஒப்பந்தத்தையும் அதில் ஏற்றி விண்ணப்பிக்க வேண்டும். ஏற்கப்பட்டதும் ஒரு பதிவு எண் கிடைக்கும்.

நடைமுறையில் பெரும்பாலானோர் இதைச் செய்வதில்லை. உரிமையாளருக்கு வருமான வரிக் கவலை. வாடகைதாரருக்கு, இதைக் கேட்டால் வீடு கிடைக்காமல் போய்விடுமோ என்ற கவலை. ஆனால் பதிய வேண்டிய ஒப்பந்தத்தைப் பதியாமல் விட்டால் அதைச் சாட்சியமாகக் காட்ட முடியாது என்று சட்டத்திலேயே ஒரு பிரிவைச் சேர்த்திருக்கிறார்கள். வம்பு வரும் நாளில் இது இரண்டு பக்கமும் வெட்டும். அட்வான்ஸ் திரும்பக் கேட்கும் வாடகைதாரருக்கு அடிப்படை ஆவணமே கேள்விக்குள்ளாகிறது. காலி செய்யச் சொல்லி வாடகை நீதிமன்றத்துக்குப் போகும் உரிமையாளரிடம், 'ஒப்பந்தம் பதியப்பட்டதா?' என்றுதான் எதிர்த்தரப்பு முதலில் கேட்கும். பதிவு எண் வாங்கிய பிறகு முழு அட்வான்ஸையும் தருவதாகப் பேசிக்கொள்வது சிலருக்குக் கைகொடுக்கிறது. எல்லா உரிமையாளரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். அப்படிப்பட்ட இடத்தில் வாடகையையும் அட்வான்ஸையும் வங்கி வழியாக மட்டுமே கொடுங்கள். அந்தப் பணப் பரிமாற்றமாவது தனிச் சான்றாக நிற்கும்.

ஒப்பந்தத்தில் இரு தரப்பும் கையெழுத்திட்ட அசல் பிரதி ஆளுக்கொன்று. 'ஒரிஜினல் ஓனர்கிட்ட இருக்கட்டும், உங்களுக்கு ஜெராக்ஸ்' என்ற வழக்கத்துக்குச் சம்மதிக்காதீர்கள்.

யாரிடம் கையெழுத்து வாங்குகிறீர்கள்?

வீட்டைக் காட்டியவர் உரிமையாளரின் மைத்துனராக இருக்கலாம். உரிமையாளர் துபாயில் இருக்கலாம். அல்லது இறந்துபோய், மூன்று பிள்ளைகளுக்குள் பாகப்பிரிவினை ஆகாமலேயே மூத்தவர் வாடகை வாங்கிக்கொண்டிருக்கலாம். சொத்துவரி ரசீது, மின் கட்டண அட்டை இரண்டிலும் யார் பெயர் என்று பாருங்கள். வேறு ஒருவர் கையெழுத்துப் போடுவதானால் அதிகாரப் பத்திரத்தின் நகலைக் கேளுங்கள்.

வில்லங்கச் சான்றும் போட்டுப் பார்க்க வேண்டும். பதிவுத்துறை இணையதளத்தில் வீட்டிலிருந்தபடியே எடுத்துவிடலாம். வீட்டை வங்கியில் அடகு வைத்துக் கடன் வாங்கியிருந்தால் பெரும்பாலும் அதில் தெரியும். கடன் இருப்பதாலேயே வீடு வேண்டாம் என்று சொல்ல வேண்டியதில்லை. நகரத்தில் எத்தனையோ வீடுகள் வீட்டுக் கடனில்தான் நிற்கின்றன. ஆனால் தவணை நின்று, வங்கி வீட்டைக் கைப்பற்ற வந்தால், அடமானத்துக்குப் பிறகு எழுதிய, பதியாத வாடகை ஒப்பந்தத்தைக் காட்டி நெடுநாள் தாக்குப்பிடிக்க முடியாது. மாத வாடகைக்காரருக்கு நஷ்டம் அட்வான்ஸோடு போய்விடும். பல லட்சம் கொடுத்து 'லீசுக்கு' வந்தவர் நிலை வேறு. அதைத் தனியே பார்ப்போம்.

அட்வான்ஸ் எத்தனை மாதம்?

1960 சட்டம் ஒரு மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்றது. அந்தச் சட்டம் உயிரோடு இருந்த காலத்திலேயே சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் என்பது ஊர்வழக்கமாகிவிட்டது. இப்போதைய சட்டம் மூன்று மாதம் என்கிறது. 'அரசே மூணு மாசம்தான்னு சொல்லிடுச்சு' என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தி பாதிதான் உண்மை. வேறு விதமாக ஒப்பந்தம் இருந்தாலன்றி மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்பதுதான் அந்தப் பிரிவின் பொருள். முதல் பாதியை விட்டுவிட்டுப் படிக்கிறவர்கள் ஏமாந்துபோகிறார்கள். ஆறு மாதம், பத்து மாதம் என்று ஒப்பந்தத்தில் எழுதி நீங்களே கையெழுத்துப் போட்டபின், மூன்று மாத வரம்பைக் காட்டி வாதாடுவது எளிதல்ல. ஆக, மூன்று மாதம் என்பது உங்கள் கையில் உள்ள உரிமை என்பதைவிட, பேரம் பேச ஒரு நல்ல தொடக்கம் என்பதே சரி. என் பார்வையில் சட்டத்தின் பலவீனமான இடங்களில் இது ஒன்று.

அந்தப் பிரிவின் இரண்டாம் பகுதி பலமானது. வீட்டைக் காலி செய்த ஒரு மாதத்துக்குள், நியாயமான பிடித்தம் போக மீதி அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டும். 'அடுத்த ஆள் வந்து அட்வான்ஸ் குடுத்ததும் தரேன்' என்பது உரிமையாளரின் வசதி. சட்டத்தில் அப்படி ஒரு விதி இல்லை. இந்த வாசகமே அக்ரிமென்ட்டில் நுழைந்திருக்கிறதா என்று தேடிப் பாருங்கள், சில படிவங்களில் இருக்கும். இருந்தால் அடித்துவிட்டு, 'சாவி ஒப்படைக்கும் நாளில்' என்றோ, 'ஒரு மாதத்துக்குள்' என்றோ எழுதச் சொல்லுங்கள்.

டோக்கன் அட்வான்ஸ் என்று வீட்டைப் பார்த்த அன்றே வாங்கும் ஐயாயிரம், பத்தாயிரத்துக்குப் பெரும்பாலும் காகிதமே இருக்காது. ஒரு குறுஞ்செய்தி போதும்: 'சார், இன்ன முகவரி வீட்டுக்கு டோக்கனாக 5,000 ரூபாய் அனுப்பியிருக்கிறேன். 10ஆம் தேதிக்குள் அக்ரிமென்ட் போடாவிட்டால் திருப்பித் தருவதாகச் சொன்னீர்கள்.' அவர் சரி என்று பதில் போட்டால் அதுவே சான்று.

வெள்ளையடிப்பது யார் செலவு?

வாடகைதாரர்களின் மிகப் பழைய மனக்குறை இது. காலி செய்யும்போது ஒரு மாத வாடகையைப் பெயின்டிங் என்று பிடித்துக்கொள்கிறார்கள்; ஐந்து வருடம் இருந்தவருக்கும் அதுதான், எட்டு மாதம் இருந்தவருக்கும் அதுதான். பிடித்த பணத்தில் பெயின்ட் அடித்தார்களா என்பதும் தெரியாது.

சட்டத்தின் இரண்டாம் அட்டவணையைப் பார்த்தால் வியப்பாக இருக்கும். சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு சன்னல்களுக்கு வர்ணம் பூசுவது இரண்டும் உரிமையாளரின் பொறுப்பில் இருக்கின்றன. கட்டட அமைப்பில் வரும் பழுது, தண்ணீர்க் குழாய் மாற்றுவது, தேவைப்படும்போது மின் ஒயரிங்கை மாற்றுவது ஆகியவையும் அவருடையவை. குடியிருப்பவர் தலையில் வருவன சின்னச் சின்னவை: குழாய், அதன் வாஷர், சாக்கடை அடைப்பு, கழிவறைப் பழுது, வாஷ் பேசின், கீசர், சுவிட்ச், பிளக் பாயின்ட், கதவின் கைப்பிடி, பூட்டு, சன்னல் கண்ணாடி, கொசுவலை. தோட்டத்தையும் சேர்த்து வாடகைக்கு விட்டிருந்தால் அதன் பராமரிப்பும் அவருடையது. ஒரு நாள் பிளம்பர் கூலியில் முடிவதெல்லாம் உங்களுடையது, சுவரை உடைக்க வேண்டியதெல்லாம் அவருடையது என்று தோராயமாக நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

இங்கும் ஒப்பந்தம் குறுக்கே வரும். அட்டவணையில் உள்ளபடி அல்லது ஒப்புக்கொண்டபடி என்றுதான் சட்டம் சொல்கிறது. 'காலி செய்யும்போது ஒரு மாத வாடகையைப் பெயின்டிங் செலவுக்காக வாடகைதாரர் விட்டுக்கொடுக்கச் சம்மதிக்கிறார்' என்ற வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டுவிட்டால், அட்டவணையை நீங்களே கைவிட்டவர் ஆகிறீர்கள். அந்த வரியை முழுதாக நீக்க உரிமையாளர் மறுத்தால் நடுவழி ஒன்று உண்டு. இரண்டு ஆண்டுகளுக்குள் காலி செய்தால் மட்டும் பிடித்தம், அதுவும் பெயின்டர் தரும் பில்லுக்கு மேல் கிடையாது என்று எழுதிக்கொள்ளலாம். நியாயமாகப் பேசினால் பலரும் இதற்கு இறங்கி வருவார்கள்.

எழுதியிராத நிலையில் இயல்பான தேய்மானத்துக்குக் காசு பிடிக்க முடியாது. வெயில் பட்டு வெளிறிய சுவர், காலண்டர் மாட்டிய ஆணி ஓட்டை, நடந்து நடந்து மங்கிய தரை ஆகியவை வீடு வீடாக இருந்ததன் அடையாளம். உடைந்த வாஷ் பேசினும், சிறுவர்கள் பந்தடித்து உடைத்த சன்னலும் அப்படியல்ல.

உரிமையாளர் செய்ய வேண்டிய பழுதை அவர் கண்டுகொள்ளாவிட்டால், எழுத்தில் தெரிவித்துவிட்டு நீங்களே செய்து அந்தச் செலவை வாடகையில் கழித்துக்கொள்ள வழி இருக்கிறது. மேற்கூரை ஒழுகல் அளவுக்குப் பெரிய செலவானால் ஒரே மாதத்தில் முழுதும் கழிக்காதீர்கள். மாதாமாதம் பாதி வாடகைக்கு மேல் போகாமல் பார்த்துக்கொண்டால், 'வாடகை பாக்கி' என்று உங்கள் மேல் வழக்குத் திரும்பும் ஆபத்து குறையும். பில், பழுதுக்கு முன்னும் பின்னும் எடுத்த படம், அனுப்பிய செய்தி மூன்றும் ஒரே இடத்தில் இருக்கட்டும்.

தண்ணீர் மோட்டாரும் இரண்டாவது சாவியும்

உரிமையாளர் கீழே, குடித்தனம் மேலே என்று இருக்கும் வீடுகளில் சண்டை நீதிமன்றத்துக்குப் போவதற்கு முன் மோட்டார் சுவிட்சுக்குத்தான் போகும். காலையில் தண்ணீர் ஏற்ற மாட்டார்கள். மெயின் போர்டில் ஃபியூஸ் காணாமல் போகும். இதைச் சட்டம் தெளிவாகத் தடை செய்திருக்கிறது. தண்ணீர், மின்சாரம், படிக்கட்டு விளக்கு, லிப்ட், துப்புரவு போன்ற இன்றியமையாத வசதிகளை உரிமையாளரோ அவருடைய ஆளோ நிறுத்தக் கூடாது. வாடகை பாக்கி இருந்தாலும் கூடாது. நிறுத்தினால் வாடகை அதிகாரியிடம் மனுக் கொடுங்கள்; விசாரணை முடியும்வரை காத்திருக்காமல் இடைக்கால உத்தரவாக வசதியைத் திரும்பத் தரச் சொல்லும் அதிகாரம் அவருக்கு உண்டு.

உரிமையாளர் தன் வீட்டைப் பார்க்க வருவது அவருடைய உரிமைதான். ஆனால் 24 மணி நேரம் முன்பே எழுத்தில் சொல்லிவிட்டு வர வேண்டும். நீங்கள் அலுவலகத்தில் இருக்கும்போது மாற்றுச்சாவியால் திறந்து, அடுத்த குடித்தனக்காரருக்கு உங்கள் படுக்கையறையைக் காட்டுவது அந்த உரிமையில் சேராது. காலி செய்யும் அறிவிப்புக் கொடுத்த கடைசி மாதத்தில்தான் இந்தத் தொல்லை அதிகம். ஞாயிறு காலை பத்து முதல் பன்னிரண்டு வரை ஆட்களை அழைத்து வரலாம் என்று நீங்களே ஒரு நேரம் சொல்லிவிட்டால் இருவருக்கும் நிம்மதி.

சப் மீட்டர் விவகாரத்தைச் சட்டத்தில் தேட வேண்டாம். வீட்டுக்குத் தனி மின் இணைப்பு இருக்கிறதா என்று முன்பே பார்ப்பதுதான் தீர்வு. இல்லையென்றால் யூனிட்டுக்கு எவ்வளவு, பொது மோட்டாருக்கு எத்தனை பங்கு என்பதை எண்ணாக எழுதிக்கொள்ளுங்கள்.

'லீசுக்கு' வீடு

சட்டப் புத்தகம் குத்தகை என்று சொல்வது வேறு, சென்னையில் 'வீடு லீசுக்கு' என்று பலகை வைப்பது வேறு. பலகையில் உள்ளது ஒத்தி. ஐந்து லட்சமோ பத்து லட்சமோ மொத்தமாகக் கொடுத்துவிட்டு, இரண்டு மூன்று ஆண்டு வாடகை இல்லாமல் இருந்து, போகும்போது முழுப் பணத்தையும் வாங்கிக்கொள்வது. உரிமையாளருக்கு வங்கிக்குப் போகாமல் கடன். குடியிருப்பவருக்கு மாத வாடகை மிச்சம். மாதாமாதம் பதினைந்தாயிரம் கட்ட முடியாத, ஆனால் நகையை விற்றோ சேமநல நிதியை எடுத்தோ ஒரு தொகை புரட்ட முடிந்த குடும்பங்களுக்கு இது கவர்ச்சியாகத் தெரிகிறது.

இந்த ஏற்பாடு சட்டத்தின் கண்ணில் வாடகை என்பதைவிட அனுபவ அடமானத்துக்கு நெருக்கமானது. வீட்டை ஒப்படைத்து, வட்டிக்குப் பதில் அதை அனுபவிக்க விடுவது. 100 ரூபாய்க்கு மேற்பட்ட அடமானத்தைப் பதிவு செய்த பத்திரத்தால்தான் உண்டாக்க முடியும் என்று சொத்து மாற்றுச் சட்டம் சொல்கிறது. கடையில் டைப் அடித்த பதினொரு மாத 'லீஸ் அக்ரிமென்ட்' அந்தப் பாதுகாப்பைத் தராது. வீட்டின்மேல் உங்களுக்கு எந்தப் பிடியும் இல்லாமல், பத்து லட்சம் கைமாற்றுக் கொடுத்த ஆளாகத்தான் நீங்கள் நிற்பீர்கள். உரிமையாளர் அந்தப் பணத்தை மகள் கல்யாணத்துக்குச் செலவழித்துவிட்டு, 'வேற ஆள் லீசுக்கு வரட்டும், தரேன்' என்றால் அந்த வேற ஆள் வரும்வரை நீங்கள் நகர முடியாது.

இதைவிட மோசமான ரகம் ஒன்று உண்டு. இடைத்தரகர் ஒருவர் உரிமையாளரிடம் மாத வாடகைக்கு வீட்டை எடுப்பார். அதே வீட்டை உங்களுக்கு லீசுக்கு விட்டு மொத்தப் பணத்தை வாங்கிக்கொள்வார். சில மாதம் உரிமையாளருக்கு ஒழுங்காக வாடகை போகும். பிறகு நின்றுவிடும், ஆளையும் காணோம். உரிமையாளர் வந்து கதவைத் தட்டும்போதுதான் உங்களுக்கு அவர் முகமே தெரியவரும். எழுத்துமூலம் ஒப்புதல் இல்லாமல் உள்வாடகைக்கு விடச் சட்டம் அனுமதிப்பதில்லை. ஆகவே அவரிடம் காட்ட உங்களிடம் ஒன்றும் இருக்காது. லீசுக்குப் போவதானால் உரிமையாளரின் வங்கிக் கணக்குக்கு மட்டும் பணம், சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு, அண்மைய வில்லங்கச் சான்று. இந்த மூன்றில் ஒன்றுக்கு மறுப்பு வந்தாலும் வேறு வீடு பாருங்கள். இதில் மட்டும் விட்டுக்கொடுக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

காலி பண்ணச் சொன்னால்

ஒப்பந்தக் காலம் ஓடிக்கொண்டிருக்கும்போது, சட்டத்தில் சொன்ன காரணம் இல்லாமல் வெளியேற்ற முடியாது. முக்கியமான காரணம் பணம். இரண்டு மாத வாடகை பாக்கி நின்று, கேட்பு அறிவிப்புக் கொடுத்த ஒரு மாதத்துக்குள்ளும் கட்டாவிட்டால் உரிமையாளர் வாடகை நீதிமன்றத்தை நாடலாம். அறிவிப்பு கையில் கிடைத்த நாளைக் குறித்து வைத்துக்கொண்டு அந்த மாதத்துக்குள் முழுப் பாக்கியையும் கட்டிவிடுவது வாடகைதாரரின் வேலை. அறிவிப்பே அனுப்பாமல் நேரே வழக்குக்குப் போகாதிருப்பது உரிமையாளரின் வேலை. வேண்டுமென்றே வாடகையை வாங்க மறுத்து, பாக்கி என்று காட்டப் பார்க்கும் உரிமையாளர்களும் உண்டு. அப்போது வாடகை அதிகாரியிடமே பணத்தைச் செலுத்தலாம். ஒப்புதல் இல்லாமல் வேறொருவரைக் குடிவைத்தது, வீட்டைக் கடையாகவோ கிடங்காகவோ மாற்றியது போன்றவையும் வெளியேற்றும் காரணங்களே.

'வீட்டை வித்துட்டேன்பா, புது ஓனர் அடுத்த வாரம் வராரு, காலி பண்ணிடுங்க' என்பதைக் கேட்டுப் பெட்டி கட்டாதீர்கள். விற்பனையால் உங்கள் ஒப்பந்தம் முடிந்துவிடாது. வாங்கியவர் பழைய உரிமையாளரின் இடத்தில் வந்து நிற்கிறார். ஒப்பந்தக் காலம் அவரையும் கட்டும். அட்வான்ஸை யார் திருப்பித் தருவது என்பதை மட்டும் மூவரும் சேர்ந்து எழுதிக்கொள்ளுங்கள். வாடகைதாரர் இறந்துவிட்டால் மீதிக் காலத்துக்கு அந்த உரிமையும் கடமையும் குடும்பத்துக்கு வரும்.

காலம் முடிந்தும் புதுப்பிக்காமல், காலியும் செய்யாமல் இருந்தால் பழைய நிபந்தனைகளோடு மாதத்துக்கு மாதம் தொடர்வதாகச் சட்டம் கொள்கிறது. அதிகபட்சம் ஆறு மாதம். முறைப்படி வாடகை உறவு முடிக்கப்பட்ட பிறகும் நகராமல் இருப்பவரிடம் உரிமையாளர் ஒன்றுக்கு இரண்டாக வாடகை கேட்கலாம். 'கேஸ் போட்டா பத்து வருஷம் இழுக்கலாம்' என்று நண்பர்கள் சொல்லும் யோசனை பழைய சட்டக் காலத்தது. இன்று அது விலை உயர்ந்த யோசனை.

பன்னிரண்டு வருடம் குடியிருந்தால் வீடு நமக்கே சொந்தம் என்ற நம்பிக்கையையும் இங்கேயே தீர்த்துவிடலாம். பன்னிரண்டு வருடக் கணக்கு, உரிமையாளரின் உரிமையையே மறுத்து, அவருக்கு எதிராக அனுபவித்து வருபவருக்கானது. வாடகை கொடுத்து, அவர் அனுமதியில் இருப்பவருக்கு நாற்பது வருடமானாலும் அது பொருந்தாது. வாடகைக்கு வந்தவர் உரிமையாளரின் உரிமையையே மறுத்துப் பேசுவதைச் சாட்சியச் சட்டமும் அனுமதிக்காது. இந்தப் பயத்தில் வருடா வருடம் குடித்தனம் மாற்றும் உரிமையாளர்கள் நல்ல வாடகைதாரர்களை வீணாக இழக்கிறார்கள்.

நீதிமன்ற உத்தரவு இல்லாமல் பூட்டுப் போட்டு, சாமானைத் தெருவில் வைத்தால்? காவல் நிலையத்தில் 'இது சிவில் மேட்டர்' என்று திருப்பி அனுப்பலாம். புகாரை எழுத்தில் கொடுத்து ரசீது கேளுங்கள். சட்ட நடைமுறை இல்லாமல் வெளியேற்றப்பட்டவர் ஆறு மாதத்துக்குள் வழக்குப் போட்டால், சொத்து யாருடையது என்ற ஆராய்ச்சிக்குள் போகாமலேயே அனுபவத்தைத் திரும்பப் பெறலாம் என்று 1963ஆம் ஆண்டின் குறித்தவகைத் தீர்வுச் சட்டம் சொல்கிறது. ஆறு மாதம் தாண்டினால் அந்த எளிய வழி மூடிவிடும்.

சாவி ஒப்படைக்கும் நாள்

குடி புகுந்த அன்றே வீட்டை அறை அறையாக வீடியோ எடுத்து உரிமையாளருக்கு அனுப்பியிருந்தால் கடைசி நாளில் வேலை பாதி குறையும். சாமான் ஏற்றிய பிறகு, வெறும் வீட்டில் அதே வரிசையில் இன்னொரு வீடியோ எடுங்கள். மின் மீட்டரின் எண்ணையும் படம் எடுங்கள். சாவியைக் கொடுத்ததும், பெற்றுக்கொண்டதற்கு ஒரு வரி எழுதி வாங்குங்கள். ஒரு மாதக் கெடு அன்றிலிருந்துதான் ஓடத் தொடங்குகிறது.

ஓர் உதாரணக் கணக்கு. வாடகை 15,000, அட்வான்ஸ் 60,000. உரிமையாளர் பெயின்டிங் 15,000, சுத்தம் செய்ய 3,000, கடைசி மின் கட்டணம் 1,800, உடைந்த சன்னல் கண்ணாடி 900 என்று பிடித்து 39,300 தருகிறேன் என்கிறார். மொத்தமாகச் சண்டை போடாமல் ஒவ்வொன்றாக எடுங்கள். மின் கட்டணம் உங்களுடையது. கண்ணாடி அட்டவணைப்படி உங்களுடையது. சுத்தம் செய்யும் செலவு ஒப்பந்தத்தில் இல்லை. பெருக்கித் துடைத்த வீட்டை வீடியோ காட்டுகிறது. பெயின்டிங் பற்றி ஒப்பந்தத்தில் வரி இல்லையென்றால் அது அவருடைய பொறுப்பு. அப்படியானால் உங்களுக்கு வர வேண்டியது 57,300. ஒத்துக்கொண்ட இரண்டையும் முதலிலேயே ஒத்துக்கொண்டு எழுதினால், மறுக்கும் இரண்டுக்கும் மதிப்புக் கூடும்.

ஒரு மாதம் கடந்தும் பணம் வராவிட்டால் இப்படி ஒரு கடிதத்தை, பெற்றதற்கான சான்று கிடைக்கும்படி விரைவுத் தபாலில் அனுப்பலாம்:

'ஐயா, வணக்கம். மேற்படி முகவரியில் உள்ள தங்கள் வீட்டின் முதல் மாடிப் போர்ஷனைக் காலி செய்து, இன்ன தேதியில் சாவியைத் தங்களிடம் ஒப்படைத்தேன். அட்வான்ஸ் தொகை 60,000 ரூபாயில் மின் கட்டணம் 1,800, கண்ணாடி மாற்றும் செலவு 900 போக 57,300 ரூபாய் எனக்கு வர வேண்டியுள்ளது. சட்டப்படியான ஒரு மாதக் கெடு முடிந்துவிட்டது. இக்கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் கீழ்க்கண்ட வங்கிக் கணக்கில் அத்தொகையைச் செலுத்தக் கேட்டுக்கொள்கிறேன். தவறினால் சட்ட நடவடிக்கையைத் தவிர வேறு வழியில்லை என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன்.'

கோபத்தைக் கடிதத்தில் காட்டாதீர்கள். நாளை நீதிபதி படிக்கப்போவதும் இதைத்தான். இதற்கும் அசையாவிட்டால் வழக்கறிஞர் மூலம் அறிவிப்பு. வழக்கறிஞர் செலவுக்கு யோசிப்பவர்கள் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்குப் போகலாம். பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கும் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவச சட்ட உதவி உண்டு. வழக்குப் போடும் முன்பே இரு தரப்பையும் கூப்பிட்டுப் பேசித் தீர்க்கவும் அங்கே ஏற்பாடு இருக்கிறது. அட்வான்ஸ் தகராறு போன்ற சிறு தொகைகளுக்கு அதுவே ஏற்ற இடம். பணம் கேட்டு வழக்குப் போடப் பொதுவாக மூன்று ஆண்டு அவகாசம் உண்டு. அதுவரை பழைய வீட்டின் அக்ரிமென்ட், வங்கிக் கணக்கு அறிக்கை, அந்த இரண்டு வீடியோ ஆகியவற்றைத் தொலைபேசி மாற்றும்போது அழித்துவிடாதீர்கள்.